அப்டேட் வந்தாலும் மெய் அட்டவணை மாறாது: லாஜிக் கேட் பாடம் நடத்துவோருக்கும் படிப்போருக்கும்

நம் சங்கத்தில் தமிழோடு இன்னொரு பாடத்தையும் சேர்த்து எடுக்கும் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் பலர் இருக்கிறோம். எனக்கு அந்த இன்னொரு பாடம் கணினி அறிவியல். படிவம் 5இல் ஆண்டின் முதல் பகுதியிலேயே லாஜிக் கேட் வந்துவிடும். பாடநூல் மலாய்மொழியில் இருக்கிறது. "கெட் டான், கெட் அத்தாவ், கெட் தாக்" என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் மணி அடித்த பிறகு மேசைப் பக்கம் வந்து கேட்கும் சந்தேகம் தமிழில்தான் வரும். அதிலும் அதிகமாக வருவது இதுதான்: "டீச்சர், போன வாரம் ஓடுச்சு, இப்ப ஓடலை டீச்சர்."

மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்கும். அல்லது கணினிக்கூடத்தில் வேறு எதையோ புதுப்பித்ததால் நம்முடையது நின்றுபோயிருக்கும். ஆசிரியருக்கு ஒரு பாடவேளை போச்சு. மாணவருக்குப் போவது அதைவிடப் பெரியது. திரையில் வேறு விடை வந்தவுடன், தான் சரியாக எழுதிய விடையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறார். இந்த இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாறாத பகுதி எது?

முதலில் பாடத்தை இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம். ஜார்ஜ் பூல் தம் இயற்கணிதத்தை நூலாக வெளியிட்டது 1854இல். அதை மின்சுவிட்சுகளுக்குப் பொருத்தலாம் என்று கிளாட் ஷானன் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டியது 1937இல். அன்று முதல் இன்று வரை அண்ட் கேட்டின் மெய் அட்டவணையில் ஒரு எண்கூட மாறவில்லை. மாறுவதெல்லாம் அதை வரைந்து ஓட்டிக் காட்டும் கருவிதான்.

அதனால் நான் முதல் இரண்டு பாடவேளையில் கணினியையே தொடுவதில்லை. அண்ட் கேட்டுக்கு எஸ்.பி.எம். மண்டபம்தான் என் உதாரணம். அடையாள அட்டையும் வேணும், தேர்வுப் பதிவுச் சீட்டும் வேணும், ரெண்டும் இருந்தாத்தான் உள்ளே போகலாம். ஆர் கேட்டுக்கு சாப்பாட்டுக் கடை. கையில் பணம் இருந்தாலும் சரி, கார்டு இருந்தாலும் சரி, ரெண்டும் இருந்தாலும் சரி, சாப்பாடு கிடைக்கும். நாட் கேட்டுக்கு உதாரணமே தேவையில்லை, வீட்டில் சின்ன பிள்ளை இருந்தால் தெரியும்.

எக்ஸோர் கேட்டுக்கு மாடிப்படி விளக்கு. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எந்த ஒன்றைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் அணைந்திருக்கும், வெவ்வேறு பக்கம் இருந்தால் எரியும் என்று வைத்துக்கொண்டால், அதுதான் எக்ஸோர். இந்த மாடிப்படியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கருவிகள் எப்படிக் காலை வாரிவிடுகின்றன

இது புதுப் பிரச்சினை இல்லை. லாஜிக் கேட்டைச் சொல்லிக்கொடுக்க இணையத்தில் ஒரு காலத்தில் கிடைத்த அசைவூட்டப் பாடங்களில் நிறைய ஃபிளாஷில் செய்யப்பட்டவை. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கடுத்த மாதம் ஃபிளாஷ் இயக்கியே அந்தப் பாடங்களை ஓட்ட மறுத்தது. அதற்கு முன்பே உலாவிக்குள் ஓடிய ஜாவா செயலிகளுக்கும் இதே கதிதான்: குரோம் உலாவி 2015இல் அந்த வகைச் செருகிகளை அடியோடு நிறுத்தியது. சில கருவிகள் மட்டும் தப்பித்தன. பால் ஃபால்ஸ்டாட் உருவாக்கிய மின்சுற்றுப் பாவனையாக்கி முதலில் ஜாவா செயலியாகத்தான் இருந்தது. பிறகு ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றப்பட்டதால் இன்றும் சாதாரண உலாவியில் ஓடுகிறது. எதில் எழுதப்பட்டது என்பதுதான் தலையெழுத்தைத் தீர்மானித்தது, பாடத்தின் தரம் இல்லை. நம் தமிழாசிரியர்களுக்கு இது புதிதா என்ன? யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டிய வினாத்தாளை இன்று திறந்தால் புரியாத குறிகள்தானே வருகின்றன.

பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் லாஜிசிம் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஹெண்ட்ரிக்ஸ் கல்லூரிப் பேராசிரியர் கார்ல் பர்ச் மாணவர்களுக்காகவே எழுதியது. 2011இல் வந்த 2.7.1தான் பலரும் வைத்திருக்கும் பதிப்பு. 2014இல், இனி இதை வளர்க்கப் போவதில்லை என்று அவரே அறிவித்துவிட்டார். அதன் மூலநிரல் திறந்தது என்பதால் சுவிட்சர்லாந்துக் கல்விக்கூடங்களைச் சேர்ந்தவர்கள் எடுத்து வளர்த்தார்கள். அந்தக் கிளை இப்போது லாஜிசிம் எவலூஷன் என்ற பெயரில் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. நல்ல மென்பொருள். ஆனால் வகுப்பில் பாதிப்பேர் பழையதையும் பாதிப்பேர் புதியதையும் வைத்திருந்தால் ஆசிரியர் பாடு திண்டாட்டம்தான்.

அடிக்கடி வரும் தொல்லைகளைச் சொல்கிறேன். முதலாவது, மென்பொருளில் கோளாறே இருக்காது. பழைய லாஜிசிம் ஜார் என்ற வகைக் கோப்பாக வரும், அதை ஓட்ட ஜாவா வேண்டும். கணினியில் யாராவது கோப்புச் சுருக்கும் மென்பொருள் ஒன்றைப் புதிதாக நிறுவியிருப்பார்கள். அது ஜார் கோப்பையும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். மாணவர் இரட்டைக் கிளிக் செய்தால் லாஜிசிம் வராமல் ஏதோ கோப்புறைப் பட்டியல் திறக்கும். "வைரஸ் டீச்சர்" என்பார்கள். வலது கிளிக் செய்து, ஓபன் வித் என்பதில் ஜாவாவைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஜாவாவே இல்லை அல்லது பழசு என்றால் வேறு வழி: லாஜிசிம் எவலூஷனை விண்டோஸ் நிறுவியாகவே பதிவிறக்கலாம், அதற்குள் தேவையான ஜாவா சேர்ந்தே வரும். கணினிக்கூடத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். பிறகு யார் ஜாவாவை அப்டேட் செய்தாலும் நமக்குக் கவலையில்லை.

இரண்டாவது, குறியீடு மாறிவிடும். லாஜிக் கேட்டை வரைய இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று நம் பாடநூலில் இருக்கும் வடிவம்: அண்ட் கேட் டி எழுத்துப் போல, ஆர் கேட் படகின் முனை போல. இன்னொன்று எல்லாவற்றையும் செவ்வகமாக வரைந்து உள்ளே குறி போடுவது: அண்டுக்கு &, ஆருக்கு ≥1, எக்ஸோருக்கு =1. மென்பொருளின் விருப்பத்தேர்வுகளில் எது வேண்டும் என்று சொல்லலாம். புதிதாக நிறுவினால் நாம் முன்பு தேர்ந்தெடுத்தது போய்விடலாம். அதைத் திரும்ப மாற்ற அரை நிமிடம்தான் ஆகும். ஆனால் மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் செவ்வகத்தையே வைத்து விளக்கிவிடுங்கள். டிப்ளோமாவுக்குப் போகும் மாணவர் தொழிற்சாலை வரைபடங்களில் அதைத்தான் பார்க்கக்கூடும்.

மூன்றாவது, கேட்டின் கால்கள். பழைய லாஜிசிமில் ஒரு அண்ட் கேட்டை எடுத்து வைத்தால் இயல்பாகவே ஐந்து உள்ளீடுகளோடு வரும். வேறு பதிப்பிலோ வேறு கருவியிலோ இரண்டோடு வரலாம். இணைக்காமல் விட்ட உள்ளீடுகளைப் பழைய லாஜிசிம் கண்டுகொள்ளாது, இணைத்த இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடும். அதனால் சுற்று சரியாக ஓடும். மாணவரும் அப்படியே தேர்வுத்தாளில் ஐந்து கால் அண்ட் கேட்டை வரைந்து, மூன்றை அந்தரத்தில் விட்டுவிடுவார். கருவி மன்னிப்பதைத் திருத்துபவர் மன்னிக்க வேண்டிய அவசியமில்லை.

எட்டாவது வரிசை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாமல் விடையையே மாற்றும் வகை ஒன்று இருக்கிறது.

ஒற்றை இரும எண்கள் மூன்றைக் கூட்டும் சுற்றை எடுத்துக்கொள்வோம், முழுக்கூட்டி என்பார்கள். ஏ, பி இரண்டும் கூட்டவேண்டிய எண்கள். சி என்பது வலப்பக்க இலக்கத்திலிருந்து மேலே எடுத்து வந்தது. ஆரம்பப்பள்ளியில் 27ஐயும் 15ஐயும் கூட்டும்போது மேலே ஒரு 1 எழுதுவோமே, அதேதான். கூட்டல் இலக்கம் எக்ஸோர் கேட்டால் கிடைக்கும். மெய் அட்டவணை இது:

ஏ பி சி → கூட்டல் இலக்கம்
0 0 0 → 0
0 0 1 → 1
0 1 0 → 1
0 1 1 → 0
1 0 0 → 1
1 0 1 → 0
1 1 0 → 0
1 1 1 → 1

கடைசி வரிசையைப் பாருங்கள். 1ம் 1ம் 1ம் சேர்ந்தால் 3. இரும எண்ணில் 3 என்பது 11. ஆகவே இங்கே 1 போட்டு, இன்னொரு 1ஐ மேலே எடுத்துப் போகிறோம். சந்தேகமே இல்லை.

ஒரு மாணவி இதைச் சரியாக எழுதிவிட்டு, மூன்று உள்ளீடு கொண்ட ஒரே எக்ஸோர் கேட்டை வைத்துப் பழைய லாஜிசிமில் ஓட்டிப் பார்த்தார். ஏழு வரிசை அப்படியே வந்தது. எட்டாவதில் திரை 0 என்றது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அழிப்பானை எடுத்து, தன் அட்டவணையில் இருந்த 1ஐ அழித்து 0 என்று எழுதிவிட்டார். அவ்வளவு கெட்டிக்கார மாணவி. "கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா டீச்சர்?" என்பதுதான் பதில்.

கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லவில்லை. வேறு கேள்விக்குப் பதில் சொன்னது. எக்ஸோருக்கு இரண்டு உள்ளீடு இருக்கும்வரை குழப்பமில்லை. மூன்றாகும்போது இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். "சரியாக ஒரே ஒரு உள்ளீடு மட்டும் 1 ஆக இருந்தால் வெளியீடு 1" என்பது ஒன்று. "ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1 இருந்தால் வெளியீடு 1" என்பது மற்றொன்று. முதல் பொருளில் 1 1 1க்கு விடை 0. இரண்டாம் பொருளில் விடை 1. மற்ற ஏழு வரிசையிலும் இரண்டுக்கும் ஒரே விடைதான். பழைய லாஜிசிமில் இயல்பாக அமைந்திருப்பது முதல் பொருள், அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. செவ்வகக் குறியீட்டில் எக்ஸோருக்கு =1 என்று போடுகிறோமே, அதன் நேரடிப் பொருளும் "ஒன்றே ஒன்று" என்பதுதான். கேட்டைத் தேர்ந்தெடுத்துப் பண்புப் பட்டியலைப் பார்த்தால் இரண்டில் எது வேண்டும் என்று மாற்றிக்கொள்ள இடமிருக்கும்.

முழுக்கூட்டிக்கு வேண்டியது இரண்டாம் பொருள். மாடிப்படியை நினைத்துப் பாருங்கள். மூன்று மாடி வீட்டில் மூன்று சுவிட்ச், எந்த மாடியில் தட்டினாலும் விளக்கு மாறவேண்டும். எல்லாம் 0, விளக்கு இல்லை. ஒன்றைத் தட்டினால் எரியும். இரண்டாவதைத் தட்டினால் அணையும். மூன்றாவதைத் தட்டினால் மறுபடி எரியும். 1 1 1 என்ற நிலையில் விளக்கு எரிகிறது. மின்பணியாளர் நடு மாடியில் வேறு வகை சுவிட்ச் போடுவது இதற்காகத்தான்.

கருவி எதுவாக இருந்தாலும், பதிப்பு எதுவாக இருந்தாலும் இதிலிருந்து தப்பிக்க எளிய வழி உண்டு. மூன்று உள்ளீடு எக்ஸோரைப் பயன்படுத்தவே வேண்டாம். இரண்டு உள்ளீடு எக்ஸோர் இரண்டை அடுத்தடுத்து வையுங்கள். முதலில் ஏயும் பியும், அதன் வெளியீட்டோடு சி. இரண்டு உள்ளீட்டில் இரு பொருளுக்கும் இடமே இல்லை.

என் கருத்தில் இந்த எட்டாவது வரிசை முழுப் பாடத்துக்கும் சமம். மூன்று நான்கு வரிசையைச் சோதித்துவிட்டு "ஓகே டீச்சர்" என்று சொல்லும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் நானே வேண்டுமென்று இரண்டு பொருளிலும் செய்த இரண்டு கோப்பைக் கொடுத்து, எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.

திரையும் தாளும் ஒத்துப்போகாதபோது

உண்மையைச் சொல்லணும்னா, பெரும்பாலும் தப்பு மாணவர் பக்கம்தான் இருக்கும். கம்பி ஒன்று ஒட்டாமல் இருக்கும், நாட் கேட் விட்டுப்போயிருக்கும். அதனால் "தாளை நம்பு, திரையை நம்பாதே" என்று சொல்லிக்கொடுப்பதும் சரியில்லை. வகுப்பில் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: எதையும் அழிக்கக் கூடாது. ஒத்துப்போகாத ஒரு வரிசையை மட்டும் வட்டமிடு. அந்த வரிசையின் 0, 1ஐ உள்ளீட்டில் போடு. இடமிருந்து வலமாக ஒவ்வொரு கேட்டுக்குப் பின்னாலும் என்ன வரவேண்டும் என்று பென்சிலால் எழுது. திரையில் அதே இடத்தில் கம்பியின் நிறத்தைப் பார். பழைய லாஜிசிமில் வெளிர்பச்சை 1, கரும்பச்சை 0, நீலம் என்றால் எதனோடும் இணையாமல் மிதக்கிறது, சிவப்பு என்றால் இரண்டு மதிப்பு மோதுகிறது. முதல் வித்தியாசம் எங்கே வருகிறதோ, அங்கே இருக்கிற கேட்டை மட்டும் விசாரி.

இதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் தேர்வுக்கு இதுதான் பயிற்சி. எழுத்துத்தேர்வில் திரை கிடையாது, கம்பி பச்சையாகாது.

தவணை தொடங்கும் முன் செய்து வைக்க வேண்டியவை

ஆசிரியர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஆண்டு தொடக்கத்தில் ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் நிறுவியை விரலியில் வைத்துக்கொள்ளுங்கள். விரலியின் மேல் பதிப்பு எண்ணை ஒட்டுங்கள். புதியது வந்தாலும் அந்தப் பாடப்பகுதி முடியும்வரை மாற்ற வேண்டாம். பாவனையாக்கியைப் பொறுத்தவரை புதியதுதான் நல்லது என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. இயங்குதளத்தின் பாதுகாப்பு அப்டேட் வேறு, அதைத் தடுக்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய மென்பொருளுக்காகப் பழைய கணினியை வைத்திருக்கிறீர்கள் என்றால் அதை இணையத்தோடு இணைக்காமல் பயன்படுத்துவது நல்லது.

சில கணினிக்கூடங்களில் கணினியை மறுபடி தொடக்கினால் பழைய நிலைக்கே திரும்பும்படி பூட்டி வைத்திருப்பார்கள். நமக்கு அது வசதி, பதிப்பு மாறாது. ஆனால் மாணவர் டெஸ்க்டாப்பில் சேமித்த சுற்றும் சேர்ந்து காணாமல் போகும். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கோப்பை விட முக்கியம் தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று விஷயம் குறிப்பேட்டில் இருக்கணும்: பூலியன் கோவை, மெய் அட்டவணை, கையால் வரைந்த படம். இவை இருந்தால் எந்தக் கருவியிலும் கால் மணி நேரத்தில் சுற்றை மறுபடி கட்டலாம். பழைய பதிப்பில் சேமித்ததைப் புதியது திறக்கக்கூடும். ஆனால் ஃபிளிப்-ஃபிளாப், எண்ணி போன்ற பெரிய உறுப்புகளின் தோற்றமும் கால் அமைப்பும் வேறாக இருந்து கம்பிகள் விலகி நிற்கலாம். புதியதில் சேமித்ததைப் பழையதில் திறக்கலாம் என்று எண்ணவே வேண்டாம். திறக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் வகுப்புக்கு முன் ஒரு சோதனைக் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் இரண்டு உள்ளீடு கொண்ட எல்லா கேட்டும் ஒவ்வொன்று, மூன்று உள்ளீடு எக்ஸோர் ஒன்று, ஒரு காலை இணைக்காமல் விட்ட அண்ட் கேட் ஒன்று, கடிகாரத் துடிப்போடு ஒரு டி ஃபிளிப்-ஃபிளாப் இருந்தால் போதும். விடைகளைப் பக்கத்தில் தாளில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் மாறியிருப்பது என்ன என்பது மாணவர் கண்டுபிடிக்கும் முன் நமக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் கணினி இல்லாத, கைப்பேசி மட்டுமே உள்ள மாணவர்களை மறக்க வேண்டாம். சர்க்யூட்வெர்ஸ் போல உலாவியிலேயே ஓடும் இலவசப் பாவனையாக்கிகள் அவர்களுக்கு உதவும். ஆனால் இணையத்தில் ஓடுபவை நம்மைக் கேட்காமலே மாறும், பதிப்பைப் பூட்டி வைக்க முடியாது. சிறிய திரையில் கம்பியை இழுத்து ஒட்டுவதும் பெரும்பாடு. அவர்களுக்கு வீட்டுப்பாடம் தாளில், படம் பிடித்து அனுப்பினால் போதும் என்று வைத்திருக்கிறேன்.

உயர்கல்வியிலும் இதே கதை

மேலே படிக்கப் போகும் மாணவர்கள், அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே எஃப்.பி.ஜி.ஏ. என்ற, நாமே சுற்றை ஏற்றிக்கொள்ளும் சில்லுகள் உண்டு. பல ஆய்வுக்கூடங்களில் பயன்பட்ட டி.இ.2 பலகையில் இருப்பது சைக்ளோன் 2 சில்லு. குவார்ட்டஸ் மென்பொருளில் அந்தச் சில்லுக்கான ஆதரவு 13.0 பதிப்போடு நின்றுவிட்டது. அதே மென்பொருளில் 9.1 வரை உள்ளேயே இருந்த அலைவடிவப் பாவனையாக்கியை 10.0இல் எடுத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் ஸைலிங்ஸ் நிறுவனத்தின் ஐ.எஸ்.இ. 2013இல் வந்த 14.7ஓடு முடிந்தது. அடுத்து வந்த விவாடோ, ஸ்பார்ட்டன் 6 சில்லையும் அதற்கு முந்தியவற்றையும் ஏற்காது. பலகை நன்றாக இருக்கும், ஆனால் புதிய மென்பொருளுக்கு அதை அடையாளம் தெரியாது. ஆகவே பல விரிவுரையாளர்கள் பழைய பதிப்பை ஒரு மெய்நிகர் கணினிக்குள் வைத்தே பாடம் நடத்துகிறார்கள். நீங்கள் போன பிறகு "ஏன் இவ்வளவு பழசு?" என்று முகம் சுளிக்காமல் இருக்க இதைச் சொல்லி வைக்கிறேன்.

அப்டேட்டே இல்லாத ஆய்வுக்கூடம்

பள்ளியில் கொஞ்சம் பணம் இருந்தால் என் யோசனை: 74 வரிசைச் சில்லுகளை வாங்குங்கள். 1960களில் வந்தவை, இன்றும் அதே எண்ணில், அதே கால் அமைப்பில் கிடைக்கின்றன. 7408இல் நான்கு அண்ட் கேட், 7432இல் நான்கு ஆர், 7404இல் ஆறு நாட், 7400இல் நான்கு நேண்ட், 7486இல் நான்கு எக்ஸோர். பதினான்கு கால். ஏழாவது காலில் தரை, பதினான்காவது காலில் 5 வோல்ட். ஒரு பிரெட்போர்ட், சில எல்.இ.டி., ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் ஒரு மின்தடை, அவ்வளவுதான்.

இரண்டு எச்சரிக்கை. 7408இல் ஒன்றும் இரண்டும் உள்ளீடு, மூன்று வெளியீடு. ஆனால் நோர் கேட் உள்ள 7402இல் ஒன்றாவது கால் வெளியீடு, இரண்டும் மூன்றும் உள்ளீடு. பழக்க தோஷத்தில் மாற்றி இணைப்பார்கள். அடுத்து, பயன்படுத்தாத உள்ளீட்டை அந்தரத்தில் விடக்கூடாது. எல்.எஸ். வகைச் சில்லில் அது பெரும்பாலும் 1 போல நடந்துகொள்ளும். எச்.சி. வகையில் இன்னது என்றே சொல்லமுடியாது, விரலைப் பக்கத்தில் கொண்டுபோனாலே விளக்கு மினுக்கும். பழைய லாஜிசிம் கண்டுகொள்ளாமல் விட்ட அந்தக் கால்களை உண்மையான சில்லு இப்படித்தான் கவனிக்கிறது என்று அங்கேயே காட்டிவிடலாம்.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு

உங்களுக்கு ஒரு கணக்கு. ஏயும் பியும் அண்ட் கேட்டில் நுழைகின்றன. சி ஒரு நாட் கேட்டில் நுழைகிறது. அந்த இரண்டு வெளியீடும் ஓர் ஆர் கேட்டில் சேர்ந்து எஃப் ஆக வெளிவருகின்றன. மெய் அட்டவணையை எழுதுங்கள்.

மூன்று உள்ளீடு என்றால் எட்டு வரிசை, நான்கு என்றால் பதினாறு. 000 தொடங்கி 111 வரை இரும எண்ணில் எண்ணும் வரிசையிலேயே எழுதுங்கள், விட்டுப்போகாது. எஃப் நெடுவரிசைக்கு நேராகத் தாவாமல், அண்ட் கேட்டின் வெளியீட்டுக்கு ஒரு நெடுவரிசை, நாட் கேட்டுக்கு ஒரு நெடுவரிசை போடுங்கள். முடித்த பிறகு எஃப் நெடுவரிசையில் எத்தனை 1 என்று எண்ணுங்கள். ஐந்து வரவேண்டும்: 000, 010, 100, 110, 111. நான்குதான் வந்தது என்றால் பெரும்பாலும் 111ஐ விட்டிருப்பீர்கள். சி 1 என்பதால் நாட் கேட் 0 தருகிறது, ஆனால் ஏயும் பியும் சேர்ந்து 1 தருகின்றன, ஆர் கேட்டுக்கு அது போதும்.

படம் வரையும்போது நேண்ட், நோர், நாட் கேட்டுகளின் முனையில் உள்ள சின்ன வட்டத்தை மறக்க வேண்டாம். மென்பொருள் அதைத் தானே போட்டுக் கொடுப்பதால் கை அதைப் பழகியிருக்காது. வட்டம் இல்லாத நேண்ட் கேட், திருத்துபவர் கண்ணுக்கு அண்ட் கேட். தினமும் ஒரு சுற்றைப் பென்சிலும் அடிக்கோலும் வைத்து வரைந்து, அதன் பிறகு கணினியைத் திறங்கள். அன்றைக்கு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டாம், அடுத்த சுற்றை வரைய ஆரம்பித்துவிடுங்கள்.